அசட்டீக் தீவில் முதல் கேம்பிங்: வயதானவர்களோடு போகலாமா?

கூடாரப்புதுசு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வர்ஜீனியாவில், வாஷிங்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஜூன் நடுவில் மேரிலாந்தின் அசட்டீக் மாநிலப் பூங்காவில் இரண்டு இரவுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. யாரோ ரத்து செய்த இடம். திரையில் பார்த்ததும் பணத்தைக் கட்டிவிட்டேன். இப்போதுதான் யோசிக்கிறேன்.

நாங்கள் ஆறு பேர். நான், மனைவி, 9 வயதில் மகள், 6 வயதில் மகன், பாளையங்கோட்டையிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார். மாமாவுக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. அத்தைக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. ஆகவே மூன்று நாள் சாப்பாடும் வீட்டிலிருந்தே கிளம்பும். நான் வாழ்க்கையில் கூடாரம் அடித்ததே இல்லை.

கழிப்பறை எப்படி இருக்கும்? தீவில் திரிகிற காட்டுக் குதிரைகள் கிட்டே வருமாமே, பிள்ளைகளுக்கு ஆபத்தா? மணலில் கூடாரம் நிற்குமா? இல்லை, பேசாமல் ரத்து செய்துவிட்டு பக்கத்துக் கடற்கரை ஊரான ஓஷன் சிட்டியில் ஓட்டல் எடுக்கட்டுமா? மனைவியின் ஓட்டு ஓட்டலுக்குத்தான்.

கோழிக்கழுத்து எழுதியது:

பெயரிலேயே அசடு இருக்கிற ஊருக்கு யோசித்துவிட்டா போவார்கள்? கிளம்புங்கள்.

உப்புக்காற்று எழுதியது:

ரத்து செய்யாதீர்கள் தம்பி. அந்த இடத்துக்காக ஒரு வருடம் முன்பே காத்திருந்து பதிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் பதினோரு வருடமாகப் போகிறேன். நீளமாக எழுதப்போகிறேன், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் ஒரு குழப்பம் தீர வேண்டும். அசட்டீக் 37 மைல் நீளமுள்ள ஒரே மணல் தீவு. ஆனால் மூன்று வீட்டுக்காரர்கள். மேரிலாந்துப் பகுதியில் சுமார் 2 மைல் கடற்கரை மாநிலப் பூங்கா. அதற்கு இரண்டு பக்கமும் மத்திய அரசின் தேசியக் கடற்கரை. தெற்கே, வர்ஜீனியாவுக்குள், சின்கோட்டீக் வனவிலங்குப் புகலிடம். அங்கே இரவு தங்கவே விடமாட்டார்கள், நாயைக் காருக்குள் வைத்துக்கொண்டுகூடப் போக முடியாது. தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கார்ச் சாலை கிடையாது. நீங்கள் வர்ஜீனியாக்காரர் என்பதால் சொல்கிறேன், ஜிபிஎஸ்ஸில் தப்பான வாசலைப் போட்டுவிட்டால் சின்கோட்டீக்கில் போய் நிற்பீர்கள். அங்கிருந்து சுற்றி வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பின் சீட்டில் மாமாவின் முழங்கால் உங்களை வாழ்த்தாது. நீங்கள் பிடிக்க வேண்டியது செசபீக் வளைகுடாப் பாலம், 50ஆம் எண் சாலை, அப்புறம் 611.

மாமாவை நினைத்தால் மாநிலப் பூங்கா கிடைத்ததே நல்லது. இங்கே தண்ணீர் வரும் கழிப்பறையும் வெந்நீர்க் குளியலும் உண்டு. பக்கத்துத் தேசியக் கடற்கரை முகாமில் தண்ணீர் இல்லாத கழிப்பறை, குளிக்கப் பச்சைத் தண்ணீர். பாளையங்கோட்டைக்காரருக்குப் பச்சைத் தண்ணீர் பழக்கமாக இருக்கலாம், மற்றது ஒருநாளும் பழகாது. வீட்டிலிருந்து ஒரு சொம்பு எடுத்துப் போங்கள். மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

கூடாரத்தோடு கொடுக்கிற கம்பி ஆணிகள் இங்கே ஒன்றுக்கும் ஆகாது. மணலுக்கென்றே நீளமாக, அகலமாக ஆணி விற்கிறார்கள். அது இல்லாவிட்டால் துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்துவிடுங்கள். உயரமான கூடாரம் வேண்டாம். நிழலுக்கு மரம் கிடையாது, ஆகவே ஒரு பந்தல் துணி அவசியம், அதையும் இதே மாதிரி இறுக்கிக் கட்ட வேண்டும். ஒரு வருடம் பக்கத்து முகாமின் பந்தல் நான்கு காலோடு எழுந்து எங்கள் காரைத் தாண்டிப் போனது.

கொசுவுக்கு நாள்காட்டியைப் பார்க்காதீர்கள், காற்றைப் பாருங்கள். கடலிலிருந்து காற்று வந்தால் சுகம். மேற்கே சதுப்புப் பக்கமிருந்து திரும்பினால் கொசுவும் வரும், காலுறைக்கு மேலேயே கடிக்கிற ஈயும் வரும். மழை பெய்து நான்கைந்து நாள் கழித்துப் போனால் இன்னும் மோசம். கொசுவலை வைத்த சாப்பாட்டுக் கூடாரம் ஒன்று இரவல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது குதிரை. கிட்டே வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாரத்துக்குள்ளேயே வரும். முதல் வருடம் நாங்கள் புளியோதரையைத் தூக்கோடு மேஜையில் வைத்து, ஈ மொய்க்காமல் துணி போட்டு மூடிவிட்டுக் கடலுக்குப் போனோம். மொத்தம் இருபது நிமிடம். திரும்பி வந்தால் ஒரு செம்பழுப்புப் பெண்குதிரை தூக்கை உருட்டித் தள்ளிவிட்டு நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அதன் குட்டி அப்பளப் பையைக் காலால் மிதித்துப் பிரித்துக்கொண்டிருக்கிறது. விரட்டவும் முடியாது. குதிரையிலிருந்து குறைந்தது 40 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது அங்கே விதி. ஒரு பஸ்ஸின் நீளம். அத்தனை தூரத்தில் நின்று என் பாட்டி கைப்பக்குவம் போவதைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பச் சட்டம்: வாய்க்குள் போகிறது எதுவாக இருந்தாலும் அதற்கு வீடு கார் டிக்கிதான். அரிசி, ஊறுகாய், பற்பசை, குப்பைப் பை, எல்லாம். சமைக்கும்போது மட்டும் வெளியே எடுப்போம், ஒருவர் காவல். குதிரை வருவது தெரிந்தால் வாரிக் காருக்குள் போட்டுக் கதவைச் சாத்துவோம். கூலர் பெட்டி வெளியே இருந்தால் அதன் மூடியைத் திறக்க அவற்றுக்குத் தெரியும், சும்மா சொல்லவில்லை.

பிள்ளைகளுக்கு ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அது பார்க்கக் கோவில் குதிரை மாதிரி சாதுவாக நிற்கும். கடிக்கும், உதைக்கும். பெண்குதிரைகளுக்கும் ஆண்குதிரைக்கும் நடுவில் போய் நிற்கவே கூடாது.

கூடாரப்புதுசு எழுதியது:

அக்கா, கோடி நன்றி. மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "வெந்நீர்" என்ற இடத்தில் முகம் மாறியது, "கூடாரத்துக்குள்ளேயே" என்ற இடத்தில் பழையபடி ஆகிவிட்டது.

அத்தை கேட்கச் சொன்னது: அவை உப்புத் தண்ணீரையா குடிக்கின்றன?

நெடுந்தீவான் எழுதியது:

உங்கள் அத்தை கேட்டதுதான் நானும் முதல் நாள் கேட்ட கேள்வி. நான் பிறந்தது நெடுந்தீவில், இப்போது நியூ ஜெர்சி. எங்கள் தீவிலும் காட்டுக் குதிரைகள் உண்டு, போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்தில் வந்தவற்றின் வழி என்று அம்மம்மா சொல்லுவா. வறட்சி மாதங்களில் அவை தண்ணீருக்கு அலைந்து எலும்பும் தோலுமாகிவிடும். ஆகவே அசட்டீக்கில் முதன்முதல் குதிரையைக் கண்டபோது நான் பார்த்தது அதன் வயிற்றைத்தான். உருண்டையாக இருந்தது. நல்ல சாப்பாடு போல என்று நினைத்தேன்.

அங்கே இருந்த ரேஞ்சரோடு கதைத்தபோதுதான் விளங்கியது, அது கொழுப்பில்லை. அவை தின்பது பெரும்பாலும் உப்புச் சதுப்பில் வளரும் முரட்டுப் புல். உடம்பில் ஏறும் உப்பைத் தணிக்க, மற்றக் குதிரைகளைவிட இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஊதல்தான் வயிறு. குடிப்பது மழைநீர் தேங்கிய குட்டைகளில். சத்துக் குறைந்த சாப்பாடு என்பதால் உருவமும் மட்டக்குதிரை அளவைத் தாண்டாது.

அவை வந்த கதையும் எங்கள் ஊர்க் கதை போலத்தான். ஸ்பானியக் கப்பல் ஒன்று உடைந்து அதிலிருந்து நீந்தி வந்தவை என்று ஒரு பக்கம். 17ஆம் நூற்றாண்டில் கரையோரக் குடியேறிகள் வரிக்குத் தப்புவதற்காகத் தீவில் கொண்டுபோய் விட்ட கால்நடைகளின் வழி என்று மற்றப் பக்கம். பூங்காக்காரர் இரண்டாவதைத்தான் கூடுதலாக நம்புகிறார்கள். ஆனால் 2022இல் ஒரு ஆய்வு வந்தது. ஹெய்தியில் இருந்த 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியக் குடியிருப்பில் கிடைத்த ஒரு குதிரைப் பல்லின் மரபணு, இன்று உயிரோடிருக்கும் குதிரைகளில் இந்தத் தீவுக் குதிரைகளுக்குத்தான் மிக நெருக்கம் என்று. கப்பல் கதைக்காரருக்கு அன்றிலிருந்து கொஞ்சம் தெம்பு.

மணல்மேடு எழுதியது:

கோடியக்கரையிலும் இதே மாதிரி காட்டு மட்டக்குதிரைகள் இருக்கின்றன. வேதாரண்யம் பக்கத்துக்காரனாக இருந்தும் நான் குதிரை பார்க்க அமெரிக்கா வர வேண்டியிருந்தது. ஊரில் இருந்தபோது யாரும் கூட்டிப்போகவில்லை.

ஜீவகாருண்யன் எழுதியது:

நானும் ஒன்று கேட்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் வீட்டில் காக்கைக்கு ஒரு பிடி வைக்காமல் சாப்பிட உட்கார மாட்டோம். பசுவுக்கு அகத்திக்கீரை கொடுத்து வளர்ந்த பிள்ளைகள் நாம். அந்தக் குதிரையோ முரட்டுப் புல்லையும் உப்பையும் தின்று வயிறு ஊதி நிற்கிறது. அதற்கு ஓர் ஆப்பிளைக் கொடுத்தால் என்ன குடிமுழுகிப் போகும்? போன கோடையில் என் மகள் ஒரு துண்டு நீட்டினாள், அது மெதுவாக உதட்டால் வாங்கிக்கொண்டது. அந்த நிமிடம் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். 40 அடி தூரத்தில் நிற்கவைத்தா கருணையைச் சொல்லிக்கொடுப்பது?

கோழிக்கழுத்து எழுதியது:

நெடுந்தீவு அண்ணை, ஆரம்பித்துவிட்டார்கள்.

உப்புக்காற்று எழுதியது:

கோபமில்லை. என் அம்மாவும் இதையேதான் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

சிப் என்று ஓர் ஆண்குதிரை இருந்தது. மேரிலாந்துக் கூட்டத்தைச் சேர்ந்தது. மனிதச் சாப்பாட்டு ருசி கண்டுவிட்டது. முகாம்களை விட்டு நகராது, மேஜையிலிருந்து எடுக்கும், தடுத்தால் மல்லுக்கு நிற்கும். பூங்காக்காரர்கள் விரட்டிப் பார்த்தார்கள், மறுபடி மறுபடி வந்தது. கடைசியில் 2022இல் அதைப் பிடித்து டெக்சாஸில் ஒரு விலங்குக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பிறந்த தீவு, கூட்டம், கடல், எல்லாம் போயிற்று. அது திருடிப் பழகியது எத்தனையோ பேர் அசட்டையாக வைத்த சாப்பாட்டில். நீட்டிய கைகளும் சில இருந்திருக்கும். அந்தக் கைகளில் எதுவும் கொடுமைக்காரக் கை இல்லை.

இன்னொன்று. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. அதன் உடம்பு அப்படி. ஒத்துக்கொள்ளாதது உள்ளே போனால் வயிற்றுவலியில் புரளும், சாகவும் சாகும். நாயும் மாடும் மாதிரி நினைத்துக் கொடுக்கிறோம்.

அகத்திக்கீரை வாங்கிய பசு சாயங்காலம் தன் தொழுவத்துக்குப் போய்விடும். இந்தக் குதிரை கார் ஜன்னலில் ஆப்பிள் கிடைத்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு சாலையில் போய் நிற்கும். கார் மோதிச் செத்த குதிரைகள் உண்டு.

ஜீவகாருண்யன் எழுதியது:

சரி, சிப் கதை எனக்குத் தெரியாது. மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் "காட்டு விலங்கைத் தொடாதே, தலையிடாதே" என்று சொல்கிறவர்கள்தானே பெண்குதிரைகளுக்குக் கருத்தடை மருந்து ஊசியைத் துப்பாக்கியில் வைத்துச் சுட்டார்கள்? வர்ஜீனியாப் பக்கம் குட்டிகளை ஏலம் போடுகிறார்கள். அது தலையீடு இல்லையாம், என் மகளின் ஆப்பிள் துண்டு தலையீடாம். இது என்ன நியாயம்?

நெடுந்தீவான் எழுதியது:

இந்தக் கேள்வி நல்ல கேள்வி. இதில் நான் இவர் பக்கம் கொஞ்சம் சாய்வேன்.

இரண்டு கூட்டம் இருக்கிறது, மாநில எல்லையில் வேலி. மேரிலாந்துக் கூட்டம் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பு. கூட்டம் பெருகாமல் இருக்க அவர்கள் 1994இல் எடுத்த வழிதான் இவர் சொல்லும் ஊசி. 80 முதல் 100 குதிரைக்கு மேல் போனால் தீவின் புல் தாங்காது, புல் போனால் மணலும் போகும் என்பது அவர்கள் கணக்கு. வர்ஜீனியாக் கூட்டம் சின்கோட்டீக் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குச் சொந்தம். 150 வளர்ந்த குதிரை வரை மேய்க்க அவர்களுக்கு அனுமதி. ஒவ்வொரு வருடமும் ஜூலைக் கடைசியில் ஒரு புதன்கிழமை குதிரைகளைக் கால்வாய்க்குக் குறுக்கே சின்கோட்டீக் தீவுக்கு நீந்த வைத்து, மறுநாள் குட்டிகளை ஏலம் விடுவார்கள். தீயணைப்பு வண்டிக்குக் காசு சேர்க்க 1925இல் இப்படித் தொடங்கியது. நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். சனம் என்றால் அப்படிச் சனம், நல்லூர்த் தேர் போல. சேற்றில் முழங்கால் வரை நின்று இரண்டு மணி நேரம் காத்திருந்து, நீந்தியதைக் கண்டது ஐந்து நிமிடம். அழகுதான். மறுநாள் ஏலத்துக்கு நான் போகவில்லை, தாயும் குட்டியும் பிரிவதைப் பார்க்க மனமில்லை.

ஆகவே தலையீடே இல்லாத இடம் இல்லை ஐயா. நீர் இல்லாமல் மெலிந்த குதிரையைக் கண்டு வளர்ந்தவன் என்பதால் எனக்கு ஊசி கொடுமையாகத் தெரியவில்லை. யாரோ ஒருவர் கணக்குப் பார்த்துச் செய்கிறார். ஆப்பிளுக்குக் கணக்குப் பார்க்கிறவர் யார்? அன்று அந்தக் குதிரைக்கு உங்கள் மகள் எத்தனையாவது ஆள் என்று உங்களுக்குத் தெரியுமா?

ஜீவகாருண்யன் எழுதியது:

தெரியாது.

இரண்டாம்_ஷிப்ட் எழுதியது:

குதிரைச் சண்டைக்கு நடுவில் உண்ணியை மறந்துவிட்டீர்கள். நான் நர்ஸ், அதனால் இந்த வேலை எனக்கு. தீவின் புதர்ப் பாதைகளில் உண்ணி தாராளம். பிள்ளைகளுக்கு வெளிர் நிறக் காலுறை போட்டு, பேன்ட்டை அதற்குள் செருகிவிடுங்கள். படுக்கும் முன் டார்ச் அடித்து முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி வைத்தியமெல்லாம் வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் சில வாரத்துக்குள் வட்டமாகச் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். மூன்றிலை மூன்றிலையாக இருக்கும் செடியைத் தொடாதீர்கள், அது பாய்சன் ஐவி என்கிற விஷச் செடி. குதிரை தின்னும், நமக்குக் கொப்புளிக்கும்.

கடலில் உயிர்காப்பாளர் இருக்கும் பகுதியில் மட்டும் பிள்ளைகளை இறக்குங்கள். நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல் பக்கவாட்டில் நீந்தச் சொல்லிக்கொடுங்கள்.

பழைய_மண்வெட்டி எழுதியது:

சென்னையில் பொதுப்பணித்துறையில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகன் வீட்டுக்கு பால்டிமோர் வந்தபோது இரண்டு முறை இந்தத் தீவுக்குப் போனேன். எல்லோரும் குதிரையைப் பார்த்தார்கள், நான் மணலைப் பார்த்தேன். என் புத்தி அப்படி.

1933 வரை ஓஷன் சிட்டியும் அசட்டீக்கும் ஒரே நிலம். அந்த ஆகஸ்ட் மாதப் புயலில் கடல் குறுக்கே வெட்டிக்கொண்டு போய் ஒரு முகத்துவாரம் திறந்தது. மீன்பிடிப் படகுக்கு வசதி என்று அதை மூடவிடாமல் இரு பக்கமும் கல் கொட்டிச் சுவர் கட்டினார்கள். நம்மூரில் தூண்டில் வளைவு கட்டுகிறோமே, அந்தக் குடும்பம்தான். அந்தக் கரையில் மணல் வடக்கிலிருந்து தெற்காக நகருகிறது. சுவர் மறித்ததும் ஓஷன் சிட்டி பக்கம் மணல் சேர்ந்து கடற்கரை அகன்றது. தெற்கே அசட்டீக்குக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. தீவின் வடமுனை கரைந்து கரைந்து பழைய இடத்தை விட்டே மேற்கே போய்விட்டது. இன்று முகத்துவாரத்தின் இரு கரையையும் வரைபடத்தில் பார்த்தால், ஒரே கோடாக இருந்தவை படி இறங்கினாற்போல் விலகி நிற்கும்.

சென்னைக்காரருக்கு இது புதிய பாடமில்லை. அங்கே மணல் போவது தெற்கிலிருந்து வடக்காக. துறைமுகச் சுவர் எழுந்தபின் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரையைக் கடல் தின்றது. திசை மட்டும் தலைகீழ். அசட்டீக்கில் இப்போது தோண்டுகப்பல் வைத்து முகத்துவாரத்தில் தேங்கும் மணலை வாரித் தீவின் கரையோரம் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். சுவர் தடுத்ததைக் கப்பல் சுமக்கிறது.

பிள்ளைகளைக் கட்டாயம் ஒரு நடைக்குக் கூட்டிப்போங்கள். மணல்மேடுகளுக்கு நடுவே தேசியக் கடற்கரைப் பக்கம் ஒரு சிறிய பாதை உண்டு. அதில் மணலுக்குள்ளிருந்து தார்ச்சாலைத் துண்டுகள் தலைநீட்டும். 1950களில் இந்தத் தீவை மனை மனையாகப் பிரித்து ஆயிரக்கணக்கில் விற்றார்கள். பால்டிமோர் புலிவார்டு என்று சாலையும் போட்டார்கள். 1962 மார்ச் புயல் மூன்று நாள் அடித்துச் சாலையையும் வீடுகளையும் கொண்டுபோனது. அதன்பின்தான், 1965இல், தேசியக் கடற்கரை என்று சட்டம் வந்தது. கடலைப் பார்த்த மனை என்று முன்பணம் கட்டியவர்களை நினைத்துக்கொண்டு அந்தத் தார்த் துண்டின்மேல் கொஞ்ச நேரம் நின்றேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எனக்கும் ஒரு மனை இருக்கிறது.

மணல்மேடு எழுதியது:

ஐயா, அந்த மனை கடலிலிருந்து எவ்வளவு தூரம்?

பழைய_மண்வெட்டி எழுதியது:

வாங்கும்போதா, இப்போதா?

கோழிக்கழுத்து எழுதியது:

யாராவது என் பெயரைப் பற்றிக் கேட்பீர்கள் என்று எத்தனை நாள் காத்திருப்பது? நானே சொல்கிறேன்.

கடலுக்கு எதிர்ப்பக்கம், தீவுக்கும் நிலத்துக்கும் நடுவில் சைனபுக்ஸென்ட் காயல். முட்டளவு தண்ணீர், அலை கிடையாது. மாமாவை அங்கே ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார வையுங்கள். முறுக்கிய கயிற்றின் நுனியில் ஒரு கோழிக் கழுத்தைக் கட்டித் தண்ணீரில் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் கயிறு நகரும். அப்போது அவசரப்படக் கூடாது. நூல் நூலாக இழுக்க வேண்டும், நண்டுக்குத் தான் இழுபடுவதே தெரியக் கூடாது. கண்ணுக்குத் தெரிந்ததும் பக்கத்தில் நிற்பவர் கீழிருந்து வலையைப் போட்டுத் தூக்க வேண்டும். நீலக் கால் நண்டு. மேரிலாந்துக்காரன் இதற்காகச் சொத்தை எழுதி வைப்பான். சின்னதைத் திருப்பி விடாமல் வைத்துக்கொண்டால் அபராதம், அளவு என்ன என்பதை அந்தந்த வருடத்து அறிவிப்புப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை: கோழிக்கழுத்துப் பையை மேஜையில் வைக்காதீர்கள். குதிரை தொடாது, நரியும் கடற்காக்கையும் தொடும்.

மணல்மேடு எழுதியது:

பறவை பார்க்கிறவர்கள் யாருமில்லையா? ஜூன் என்றால் கடற்கரையில் சில இடங்களைக் கயிறு கட்டி மூடியிருப்பார்கள். பைப்பிங் ப்ளோவர் என்று நம் உப்புக்கொத்தி இனத்துப் பறவை, வெறும் மணலில்தான் முட்டையிடும். முட்டையும் மணல் நிறம், குஞ்சும் மணல் நிறம், கால் வைத்தபின்தான் தெரியும். காயல் பக்கம் கம்பத்தின் உச்சியில் விராலடிப்பான் கூடு வைத்திருக்கும். அலைக்கு மேல் கூழைக்கடாக்கள் வரிசையாகப் போகும். அந்தி நேரத்தில் சிகா மான் புதர் ஓரம் வரும். 1920களில் கொண்டுவந்து விட்ட ஜப்பான் நாட்டு மான், ஆளைக் கண்டால் குதிரை மாதிரி நின்று பேசாது, ஓடிவிடும். இரவில் டார்ச் அடித்தால் மணல் நிறத்துச் சின்ன நண்டுகள் பக்கவாட்டில் ஓடுவதைப் பிள்ளைகள் விடிய விடியத் துரத்துவார்கள்.

கூடாரப்புதுசு எழுதியது:

போய் வந்துவிட்டோம். நேற்று இரவு வந்தோம், இன்னும் காரிலிருந்து மணல் கொட்டுகிறது.

முதல் நாள் காற்று கடலிலிருந்து. கூடாரம் அடிக்க இரண்டு மணி நேரம். மாமா நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை, அக்கா சொன்ன மணல்பை யோசனையை மனைவி செய்தாள், நான் வாங்கிப் போன விலை உயர்ந்த ஆணிகளைவிட அதுதான் இரவில் தாங்கியது. வாடகைக்கு எடுத்த பந்தலில் ஒரு கால் குறைந்தது, எந்தக் கடை என்று சொல்லவில்லை, காரின் பின்கதவில் கட்டிச் சமாளித்தோம். இரண்டாம் நாள் மதியம் காற்று மேற்கே திரும்பியது. பத்தே நிமிடத்தில் ஈ. நான்கு மணிவரை கழுத்தளவு கடலிலேயே நின்றோம், அத்தை புடவையோடு.

மாமாவைக் காயலிலிருந்து கிளப்ப முடியவில்லை. காலை ஏழு மணிக்குக் கயிற்றைப் போட்டவர் பதினொன்று வரை பேசவே இல்லை. ஒன்பது நண்டு, அதில் ஏழைத் திருப்பி விட்டோம், சின்னது. தாமிரபரணியில் பத்து வயதில் தூண்டில் போட்டதற்கு அப்புறம் இப்போதுதான் என்றார். மகன் வலையோடு அவர் பக்கத்திலேயே நின்றான். இரண்டு பேரும் இதுவரை வீட்டில் அவ்வளவாகப் பேசிக்கொண்டதில்லை.

தார்ச்சாலைத் துண்டையும் பார்த்தோம் ஐயா. மகள் அதன்மேல் நின்று, "அப்பா, இதுதான் ரோடா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

இனி குதிரை. எல்லாம் காருக்குள். முறுக்கு, பற்பசை, குப்பை, அத்தையின் வெற்றிலைப் பெட்டி வரை. பெருமையாகத்தான் படுத்தோம். விடிகாலையில் கூடாரத்துக்கு வெளியே சத்தம், யாரோ பெரிய உறிஞ்சுகுழாய் போட்டு இழுக்கிற மாதிரி. வலை வழியாகப் பார்த்தேன். கூடாரத்துக்குள் மண் ஏறாமல் கால் கழுவிக்கொண்டு வர வேண்டும் என்று அத்தை வாசலில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருந்தார். ஊரில் வாசலில் வைப்பார்களே, அந்தப் பழக்கம். வெள்ளையும் பழுப்புமாக ஒரு குதிரை அதில் மூஞ்சியை முழுக்க விட்டுக் குடிக்கிறது. பின்னால் இன்னும் இரண்டு குதிரைகள் தங்கள் முறைக்காகக் காத்து நிற்கின்றன. 40 அடியாவது, நான்கு அடியில் நான் படுத்திருக்கிறேன். யாரும் அசையவில்லை. வாளி காலியானதும் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, எங்கள் காரை ஒரு சுற்றுச் சுற்றி மோந்துவிட்டுப் போய்விட்டன.

அத்தைக்கு அன்று முழுவதும் வாயெல்லாம் சிரிப்பு. "தண்ணிதானே குடிச்சுது, பாவம், அத்தனை உப்பைத் தின்னுட்டு" என்று போனில் திருநெல்வேலிக்கு மூன்று பேரிடம் சொல்லியாயிற்று.

ஜீவகாருண்யன் எழுதியது:

உங்கள் அத்தைக்கு என் வணக்கம். உப்புக்காற்று அவர்களே, நீங்களே சொல்லுங்கள், வாளித் தண்ணீரும் அந்தக் கணக்கில் வருமா?

உப்புக்காற்று எழுதியது:

வரும். வாயில் போகிறதெல்லாம் காருக்குள் என்று எழுதிவிட்டுத் தண்ணீரை விட்டது என் தப்பு. அத்தையிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

கூடாரப்புதுசு எழுதியது:

சொல்லவில்லை. அவர் செப்டம்பருக்கு இடம் கிடைக்குமா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்.